சூடாமணி தலையணை தேடிய மே மாதம்

மந்தைவெளியில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குப் பாடம் எடுத்துவந்த சூடாமணிக்கு, 1994 மார்ச்சில் கழுத்து இடது பக்கம் திரும்பாமல் போயிற்று. யாராவது அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பினாள்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, தலையணையை மாற்றுங்கள் என்றார். எப்படிப்பட்ட தலையணை என்று கேட்டதற்கு, "நல்ல தலையணையா" என்றார். அலகு எழுதாத விடைக்கு அரை மார்க் குறைக்கிறவள் சூடாமணி. அந்த டாக்டரிடம் அவள் மறுபடி போகவில்லை.

அபிராமபுரத்து வீட்டில் இருந்தவை கல்யாணத்துக்கு வந்த தலையணைகள். இலவம் பஞ்சு நாலு மூலைகளிலும் உருண்டை கட்டி, நடுவில் வெறும் துணிதான் இருந்தது. அவள் கணவர் பாலு அதில் தலையை வைத்த அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவார்.

"தலைகாணில என்ன இருக்கு? தூக்கம் வரணும், அவ்வளவுதான்" என்றார் அவர்.

"உங்களுக்கு பஸ்ல நின்னுண்டே தூக்கம் வரும். உங்கள வெச்சுண்டு ஒண்ணும் நிரூபிக்க முடியாது."

அவர் கையில் ஸ்கேலைக் கொடுத்து, தன் காதுக்கும் தோள் முனைக்கும் நடுவே அளக்கச் சொன்னாள். ஒருக்களித்துப் படுக்கிறவளுக்கு அந்த இடைவெளியைத் தலையணை நிரப்ப வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தாள். பாலு மூன்று தடவை அளந்து மூன்று விடை சொன்னார். சூடாமணி சராசரி எடுத்தாள். நாலேமுக்கால் அங்குலம்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அந்த ஸ்கேலோடு தி. நகருக்குப் போனாள். உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அக்பர் பாஷா மெத்தைக் கடை வைத்திருந்தார். அவள் ஒவ்வொரு தலையணையாக நிறுத்தி அளப்பதைச் சிறிது நேரம் பார்த்தார்.

"இன்னா டீச்சரம்மா, ஸ்கேல் வெச்சு அளக்கிறீங்கோ? தல வெச்சா அமுங்கிடும்ல?"

தான் டீச்சர் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்தது.

"அப்போ படுத்துத்தான் பாக்கணும். ஆத்துக்கு எடுத்துண்டு போய் ஒரு வாரம் படுத்துட்டுத் தரேன்."

"ஒரு தபா படுத்தத நான் யார் தலைல கட்டுறது?"

"சரி, இங்கேயே படுத்துக்கறேன்."

அவர் சிரித்தார். மறுநாள் ஒன்றரை மணிக்கு அவள் துவைத்த துண்டும் நோட்டுப் புத்தகமுமாக வந்து நின்றபோது சிரிப்பு வரவில்லை. மெத்தை விரித்துக் காட்டுவதற்காகக் கடையின் உள்ளே ஒரு கட்டில் கிடந்தது. ஒரு நாளைக்கு ஒரு தலையணை, கடிகாரம் பார்த்து இருபது நிமிஷம் என்று திட்டம். நோட்டில் இப்படி எழுதினாள்: முதல் நாள், ஃபோம், காதுக்குள் வியர்க்கிறது. இரண்டாம் நாள், பருத்திப் பஞ்சு, செங்கல். மூன்றாம் நாள், இலவம் பஞ்சு, அடைத்த அடைப்பில் தலை உருண்டு விழுகிறது. நான்காம் நாள், நைலான் பஞ்சு, மடித்தால் மடித்தபடியே கிடக்கிறது, உழைக்காது.

படுத்திருக்கிற அம்மா யார் என்று வாடிக்கையாளர்கள் கேட்டால், அக்பர் பாஷா தெருவைப் பார்த்துக்கொண்டு, "வெயில் ஜாஸ்தியா கீது" என்பார்.

ஐந்தாம் நாள் கட்டிலிலேயே ஒரு தலையணை தயாராகக் கிடந்தது. அதன்மேல் துண்டை விரித்துப் படுத்தாள். கண் விழித்தபோது மணி நாலே கால். கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்பர் பாஷா சத்தம் வராமல் பில் புத்தகத்திலிருந்து பில் கிழித்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து உட்கார்ந்ததும் கூட்டம் கலைந்தது.

"நீங்கோ தூங்குறத பாத்தே ஆளுக்கு ஒண்ணா பதினாலு தலகாணி போயிடுச்சு டீச்சரம்மா" என்றார் மெதுவாக. "இன்னும் கொஞ்சம் படுத்துக்கினு இருக்கலாம்ல?"

அவர் நின்றது அவளுக்கு இடது பக்கம். கழுத்தை மட்டும் திருப்பித்தான் அவரைப் பார்க்கிறோம் என்பது ஒரு கணம் கழித்தே அவளுக்கு உறைத்தது.

"இதுதான் வேணும். பில் போடுங்கோ."

அவர் முகம் தொங்கிவிட்டது. "அது விக்கிறது இல்லமா. சாப்ட்டுட்டு நான் படுக்கிறது. எடுத்து வெக்க மறந்துட்டேன்."

துண்டை விலக்கிப் பார்த்தாள். உறையில் தலைக்கெண்ணெய் வட்டமாகப் படிந்திருந்தது.

"அப்போ அந்தப் பதினாலு பேருக்கு எதைக் குடுத்தேள்?"

"இத மாதிரி" என்றவர் மறுபடி தெருவைப் பார்த்தார்.

சூடாமணி அவரையே பார்த்தாள். அப்படிப் பார்த்தால் பத்தாம் வகுப்பே தாங்காது. அவர் பின்கட்டுக்குக் குரல் கொடுத்துத் தன் மனைவி கைசர் ஜஹானைக் கூப்பிட்டார்.

"கைல அமுக்கிப் பாக்கிறவங்களுக்கோசரம் கடைல கெட்டியா அடைக்கிறாங்கோ" என்றாள் கைசர் ஜஹான். "தலைக்கு அது ஆவாது. இத நான் வருசா வருசம் பிரிச்சு, பஞ்ச வெயில்ல காய வெச்சு, உதிர்த்து, ஒரு பிடி புதுசு சேப்பேன். பதினஞ்சு வருசமா இதேதான்."

ஓர் இலவம் பஞ்சுத் தலையணையின் ஓரத்தைப் பிரித்து, சூடாமணியை அதில் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, பிடி பிடியாகப் பஞ்சை உருவினாள். மூக்கும் நெஞ்சுக்குழியும் ஒரே கோட்டில் வர வேண்டும் என்றாள். நேர்கோடு என்றதும் சூடாமணிக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. ஏழாவது பிடியில் கோடு நேராயிற்று.

அந்தப் பதினாலு பேரில் ஒன்பது பேர் தூக்கம் வரவில்லை என்று திரும்பி வந்தார்கள். அவர்களுடைய தலையணைகளையும் கைசர் ஜஹான் பிரித்துச் சரிசெய்து கொடுத்தாள். அதன்பின் மதிய வேளைகளில் அவள் கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். வருகிறவர்களெல்லாம் கட்டிலில் படுத்துப் பார்த்ததால் அக்பர் பாஷாவுக்குப் பகல் தூக்கம் போயிற்று.

அடுத்த மே மாதம் சூடாமணி மொட்டை மாடியில் தானே தலையணையைப் பிரித்தாள். எடை, வெயில், நேரம் எல்லாம் நோட்டில் குறித்தாகிவிட்டது. கடல் காற்று எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதைத்தான் குறிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அன்று காலைதான் தன் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். அந்தி வரை சூடாமணியும் பாலுவும் கேட்டின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பறந்து போய் பெயிண்டில் ஒட்டிய பஞ்சைக் கிள்ளி எடுத்தார்கள். மீதியைப் பையில் கட்டிக்கொண்டு மறுநாள் அவள் கைசர் ஜஹானிடம் போனாள்.