வதனியின் அப்பா கேட்டது

அம்மா இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள், முருங்கன் ஊரில் எங்கள் வீட்டில் தனியாக இருந்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் யாரோ சீமெந்துத் தரையில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் என்னைப் பத்து வயதுக்குக் கொண்டுபோனது.

அம்மா ஒரு காலத்தில் நாட்டின் கூடைப்பந்து அணிக்கு விளையாடியவர். முழங்கால் பழுதானபின் ஊருக்கு வந்து பெண்பிள்ளைகளைப் பழக்கினார். அறுவடைக் காலத்தில் அந்தச் சீமெந்துத் தரையில் நெல் காயும். பின்னேரம் நெல்லை அள்ளியதும் அம்மா தூசியைக் கூட்டித் தள்ளிவிட்டு விசில் ஊதுவார். இரவில் வீடெல்லாம் அவருடைய முழங்கால் எண்ணெய் மணக்கும்.

அவர் பழக்கியவர்களில் பதினெட்டு வயது வதனிதான் கெட்டிக்காரி. தேசிய அணியின் பயிற்சிக்கு அவளைத் தெரிவுசெய்திருந்தார்கள். அந்தக் கிழமையே அவளுடைய அப்பா வயலிலிருந்து நேரே வந்து எங்கள் வாசலில் நின்றார்.

“ரீச்சர், வதனிக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. இனி அவள் விளையாட வரமாட்டாள்.”

“ஒரு வருசம் பொறுங்கோ அண்ணை. கொழும்புக்கு நானே கூட்டிக்கொண்டு போறன். அவள் நாட்டுக்கு விளையாடுவாள்.”

“நீங்களும் நாட்டுக்கு விளையாடினனீங்கள்தானே. இண்டைக்கு உங்களை ஆருக்குத் தெரியும்?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. மெய்யாகவே அறிய விரும்பியவர்போல நின்றார்.

அவர் போனபின், “ஏனம்மா ஒண்டும் சொல்லேல்லை?” என்றேன்.

“அவர் பொய் சொல்லேல்லையே பிள்ளை.”

இப்போது பள்ளிக்கூட மணி அடித்து, பந்துச் சத்தம் நின்றுவிட்டது. வதனி கலியாணமாகிப் போனபிறகும் அம்மா பல வருடங்கள் பழக்கினார். ஆனால் எந்தப் பிள்ளையிடமும், “நீ நாட்டுக்கு விளையாடுவாய்” என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.