தங்கச்சியின் கைப்பைக்கு ஒரு துவக்கு

முப்பத்திரண்டா, முந்நூற்றெண்பதா?

மூன்று வாரமாக இந்தக் கேள்வி என் சமையலறையில் குடியிருக்கிறது. பஸ் இலக்கம் இல்லை. கைத்துப்பாக்கியின் அளவு. காலிபர் என்கிறார்கள் — குழாயின் உள்விட்டம், அதற்குள் போகும் குண்டின் பருமன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் எனக்குப் பதில் தெரியாது.

பயப்படாதீர்கள், எனக்கில்லை. நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் கைப்பையில் துவக்கோடு தெருவில் இறங்கினால் ஜெயில்தான். கேட்டவள் என் தங்கச்சி வதனி. ஃப்ளோரிடாவில் ட்ரை கிளீனிங் கடை நடத்துகிறாள். கணவருக்கு வேறு ஊரில் வேலை. சனி ஞாயிறில்தான் வருவார். மாலையில் கடையைப் பூட்டிவிட்டு, மூன்று வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பெரியதொரு கார் பார்க்கைக் கடந்து காருக்குப் போகவேண்டும். ஒரே ஆள் இரண்டு தடவை பின்னால் வந்திருக்கிறான். இரண்டாம் தடவை கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்திருக்கிறான். பிள்ளை பின் சீற்றில்.

போலீஸ்? வந்தார்கள். எழுதினார்கள். போனார்கள்.

அங்கே லைசென்ஸ் எடுத்தவர்கள் மறைத்து வைத்துக்கொண்டு திரியலாமாம். வதனி வகுப்புக்குப் போய், லைசென்சும் எடுத்துவிட்டாள். பிறகுதான் எனக்குப் போன்.

“அக்கா, கடைக்காரன் ரெண்டு காட்டினவன். சின்னது முப்பத்திரண்டு. கொஞ்சம் பெரிசு முந்நூற்றெண்பது. எது எண்டு நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாமல் நான் வாங்கமாட்டன்.”

எங்கள் வீட்டில் அப்படித்தான். கூறைச் சேலையிலிருந்து பிள்ளையின் பெயர்வரை எல்லாம் அக்காவிடம் கேட்டுத்தான். அக்காவுக்கு அது தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே? சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கதவுக் கைப்பிடி நினைவுக்கு வந்தது... வாயை மூடிக்கொண்டேன். சொல்வதென்றால் சரியாகப் படித்துச் சொல்வது என்று முடிவெடுத்தேன்.

என் கணவருக்கு ஒரே சிரிப்பு. “துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். இப்ப நீர் மனோர் பார்க் வீட்டிலை இருந்து துவக்குக்கு அளவு பாக்கிறீர்!”

“நீங்கள் சிரியுங்கோ. அவள் தனிய நிக்கிறாள்” என்றேன். சிரிப்பு நின்றது.

நூலகத்தில் என் மகளின் படப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு துவக்குப் புத்தகத்தையும் செருகிக் கொடுத்தேன். முத்திரை குத்திய பெண் என்னை ஒருமுறை பார்த்தாள். நாலு வயது மகளை ஒருமுறை பார்த்தாள். புத்தகங்களை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

புத்தகம் பாதிதான் விளங்கியது. மீதிக்குப் பக்கத்து வீட்டு ரொன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிளப் ஒன்றில் குறி பார்த்துச் சுடுகிறவர். ஒரு தட்டில் கட்லட்டோடு போய்க் கதவைத் தட்டினேன்.

முதல் கேள்வியிலேயே மானம் போனது. முந்நூற்றெண்பது என்றால் முப்பத்திரண்டைவிடப் பத்துப் பன்னிரண்டு மடங்கு பெரியது என்று நினைத்திருந்தேன். பீரங்கி மாதிரி ஏதோ! ரொன் சிரித்துச் சிரித்து இருமினார். இரண்டுமே அங்குலத்தின் தசமக் கணக்காம் — புள்ளி மூன்று இரண்டு, புள்ளி மூன்று எட்டு பூச்சியம். கடித உறையின் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் கீறிக் காட்டினார். ஒன்று பென்சில் பருமன். மற்றது அதைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான்.

“சின்னத் துவக்கு சாதுவானது என்று நினைக்காதே, லவ்” என்றார். எல்லோரும் அவருக்கு ‘லவ்’தான். “சுடும்போது துவக்கு பின்னால் உதைக்கும். பாரமான துவக்கு அந்த உதையைத் தானே வாங்கிக்கொள்ளும். லேசானது உன் கைக்குத் தந்துவிடும். ஆனால் குண்டையும் பார்க்கவேண்டும். முந்நூற்றெண்பதில் பலம் கூட, உதையும் கூட. முப்பத்திரண்டில் பலம் குறைவு. ஆனால் கை அவ்வளவு ஆடாது, இரண்டாவது குண்டும் நினைத்த இடத்துக்குப் போகும்.”

“அப்போ எது நல்லது?”

“எதைக் கொண்டு அவள் ஒவ்வொரு வாரமும் பழகுவாளோ அது. பெரிய குண்டு தவறிப்போனால் அது வெறும் பெரிய சத்தம்.”

வீட்டுக்கு வந்து யோசித்தேன். வதனிக்குக் கை உறுதி. நாள் முழுக்க நீராவி அயன் பிடிக்கிற கை. பாரமும் பிரச்சினையில்லை, கைப்பையில்தானே கிடக்கப்போகிறது? முந்நூற்றெண்பது. முடிவு. ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது.

அதற்கு முதல் நாள் பக்கத்து ஊர் குட்மேய்ஸில் ஒரு பிறந்தநாள் வீடு.

எங்கள் ஆட்களின் பிறந்தநாள் வீடு உங்களுக்குத் தெரியும். கீழே கேக், பாட்டு, பற்றிஸ். மேலே ஒரு படுக்கையறை. கட்டில் நிறையக் கோட்டுகள், கோட்டுகளுக்கு மேல் கைப்பைகள், நடுவில் நித்திரையாகிப்போன இரண்டு குழந்தைகள். மகளைக் காணவில்லை என்று மேலே ஏறினேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கறுப்புக் கைப்பைக்குள் முழங்கை வரை கை.

“ஆரின்ரை பை அது?”

“தெரியாது.”

“தெரியாமல் ஏன் கை விட்டனி?”

“எல்லா அன்ரியின்ரை பையிலையும் டொபி இருக்கும், அம்மா.”

உண்மைதானே? யார் பழக்கியது? நாங்கள்தான். ‘அன்ரியின்ரை பையிலை இருக்கு, எடுங்கோ’ என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! பனடோல், திருநீறு, டிஷ்யூ, டொபி... எங்கள் கைப்பைக்கு ஸிப் உண்டு, பூட்டு இல்லை.

அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகளின் கையைப் பைக்குள்ளிருந்து மெல்ல வெளியே எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் காலிபரைப் பற்றிப் பேசவே இல்லை.

“வதனி, பையிலை வைக்கக் கூடாது.”

“அப்ப எங்கை வைக்கிறது? கொண்டைக்குள்ளையா?”

“கடைசியா எந்த விசேஷத்துக்குப் போனனீ?”

“போன கிழமை ஒரு சாமத்திய வீடு. ஏன்?”

“உன்ரை பை எங்கை இருந்தது?”

யோசித்தாள். “மேலை... கட்டிலிலை.”

“பிள்ளை?”

போனுக்குள் அட்லாண்டிக் கடல் இரைந்தது.

“கட்டிலிலைதான், அக்கா” என்றாள் கடைசியில்.

அந்த ஒரு விஷயத்தில் நான் அசையவில்லை. பையில் இல்லை. கார் டாஷ்போர்டில் இல்லை. இருந்தால் உடம்போடு, இறுக்கமான உறையில். வீட்டுக்குள் கால் வைத்த நிமிடமே இரும்புப் பெட்டிக்குள், பூட்டி — ரொன் தன் துவக்கை வைப்பது மாதிரி. “ஓம், அக்கா” என்றாள். மூன்று தரம் சொல்ல வைத்தேன்.

ஆனால் உடம்போடு என்றதும் என் முடிவு கவிழ்ந்துபோயிற்று. அங்கே வெயில். மெல்லிய சட்டைதான் போடலாம். “முந்நூற்றெண்பது துருத்திக்கொண்டு நிக்கும், அக்கா. முப்பத்திரண்டு எண்டால் மறையும்.” சரி, முப்பத்திரண்டு என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவளே கேட்டாள்:

“அந்தச் சின்னக் குண்டுக்கு அவன் நிக்காட்டி?”

இன்னொன்றும் இருக்கிறது. இடப்பக்க இடுப்பில் பிள்ளை, வலப்பக்கத்தில் துவக்கு. பிள்ளையின் கை எவ்வளவு தூரம் எட்டும்? என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தேன். எட்டுகிறது.

இப்போதைக்குப் பக்கத்துக் கடைக்காரர் அவளைக் கார்வரை கொண்டுபோய் விடுகிறார். அவர் இந்த மாதத்தோடு கடையை மூடுகிறார். அதற்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். சொல்வேன்.

ஆகவே, வாசகிகளே, உங்களைத்தான் கேட்கிறேன். துவக்கு என்றால் விடிய விடியக் கதைக்கிற அண்ணைமார் கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவில் இருக்கிறவர்கள், அங்கே அக்கா தங்கச்சி உள்ளவர்கள், பழகிய கை உள்ளவர்கள் எழுதுங்கள். மெல்லிய சட்டை. ஒரு கையில் சாவி. இடுப்பில் பிள்ளை. முப்பத்திரண்டா, முந்நூற்றெண்பதா?

பேனையை எடுப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை — உங்கள் கைப்பை இப்போது எங்கே இருக்கிறது, அதற்குள் யாருடைய கை இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.