தொண்ணூறு நாள் சத்தம்

அம்பத்தூரில் கோதண்டம் என்று ஒரு மோட்டார் டிரைவர் இருந்தான். டிரைவர் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். ஃபிட்டர் என்று சொல்ல வேண்டும். வண்டி ஓட்டுவது எவனுக்கும் வரும், வண்டியை மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு திருகாணிகூட மிச்சமில்லாமல் திரும்ப மாட்டுவது எத்தனை பேருக்கு வரும் என்று கேட்பான். நியாயமான கேள்விதான். 1936-இல் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்திருந்தாலும் இன்னொரு ஆள் அகப்பட்டிருக்க மாட்டான். அன்றைக்கு இந்தப் பக்கத்தில் மோட்டார் வண்டிகளையே விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது வேறு விஷயம்.

அவன் வம்சத்தில் எல்லோரும் ஏர் பிடித்தவர்கள். இவன் ஒருத்தன்தான் பட்டணத்துக்கு ஓடிப்போய், மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆறு வருஷம் கிரீசில் புரண்டுவிட்டு வந்தான். வந்தவனை லோகநாத முதலியார் பிடித்து வைத்துக்கொண்டார். முதலியாருக்கு அம்பத்தூரில் வீடு, கொரட்டூர் ஏரிக்கரையில் செங்கல் சூளை. இரண்டுக்கும் நடுவே போய்வர, மேல்கூரையை மடக்கி வைக்கிற பழைய சீமை வண்டி ஒன்று வைத்திருந்தார். அந்த வண்டியில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. அது சத்தம் போடாமல் போயிற்று.

"இன்னாடா கோதண்டம், பூனை மாதிரி போய்கினு கீது. நான் வர்றேன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?" என்றார் ஒரு நாள்.

"கட்-அவுட் வெச்சுடலாம் எஜமான்" என்றான் கோதண்டம். எப்போது கேட்பார் என்று காத்திருந்தவன் போலச் சொன்னான்.

கட்-அவுட் என்றதும் இப்போதுள்ளவர்களுக்கு ஆளுயரப் படம் ஞாபகம் வரும். அந்த நாளில் அது மோட்டாரில் மாட்டுகிற ஒரு சாமான். இன்ஜினிலிருந்து வருகிற புகை, குழாய் வழியாக சைலன்சருக்குள் போய், அங்கே அடங்கி ஒடுங்கி, பின்பக்கமாக வெளியே வரும். கோதண்டம் சைலன்சருக்கு முன்னாலேயே குழாயை அறுத்து, பக்கவாட்டில் ஒரு வாய் வைத்தான். அந்த வாய்க்குள் ஒரு வட்டத் தகடு. தகட்டிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் மறுமுனை டிரைவர் காலடியில் ஒரு சின்ன மிதி. காலை எடுத்தால் ஸ்பிரிங் தகட்டை மூடிவிடும், வண்டி சாதுவாகப் போகும். மிதித்தால் தகடு திறந்துகொள்ளும், புகை சைலன்சர் பக்கமே எட்டிப் பார்க்காமல் நேரே வெளியே பாயும். அப்போது கிளம்புகிற சத்தத்துக்குத் தெருவில் கோழிகள் கூரை ஏறும்.

மாட்டுவது பாதி வேலைதான், ஆள்வது மீதி என்பான் கோதண்டம். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் ஓர் உறுமல், பாதி அழுத்தினால் பறை, முழுக்க அழுத்தினால் வெடிக்கட்டு. எதிரே மாட்டு வண்டி வந்தால் கால் தானாக மேலே வந்துவிடும். அவன் வைத்த கட்-அவுட்டைப் பார்த்துப் பூந்தமல்லி டாக்டர் ஒருவர் வந்தார், ஆவடிப் பக்கம் ஒரு பண்ணையார் வந்தார். முதலியார் வண்டிக்கு ஊரில் வெடிவண்டி என்று பெயர் வந்தது. முதலியாருக்குப் பரம சந்தோஷம்.

கோதண்டத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் பொன்னம்மாள், கொரட்டூர்க்காரி, அத்தை மகள். முதல் பிரசவத்தில் ஆண் குழந்தை பிறந்தது. கோதண்டம் ஓடிப்போய் முதல் நாளே பார்த்தான். தூக்கினான், கொஞ்சினான். பதினோராம் நாள் குழந்தை போய்விட்டது. யார் என்ன சமாதானம் சொன்னாலும், தன் கண் பட்டுத்தான் போயிற்றோ என்று அவனுக்குள் ஒரு முள் தைத்துக்கொண்டது.

இரண்டாம் பிரசவமும் கொரட்டூரில், தாய்வீட்டில். பெண் குழந்தை. மைத்துனன் பரந்தாமன் ஜாதகம் கணிக்க ஆள் வைத்துப் பார்த்துவிட்டு, நேரே அம்பத்தூருக்கு வந்து நின்றான்.

"மச்சான், கொயந்த நல்லா கீது. ஆனா நீ தொண்ணூறு நாளு மூஞ்சப் பாக்கக் கூடாதாம். அழுவற சத்தம்கூட உன் காதுல உழக் கூடாதாம். தொண்ணூறாம் நாளு எண்ணெயில மூஞ்ச பாத்துட்டு அப்பாலதான் நேருல பாக்கணும். உழுந்துச்சுன்னா…" என்று நிறுத்திக்கொண்டான். மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோதண்டம் கணக்குப் போட்டுப் பார்த்தான். பார்க்காமல் இருந்துவிடலாம். கேட்காமல் எப்படி இருப்பது? முதலியார் தினம் சாயங்காலம் சூளைக்குப் போவார். ரயில்வே கேட்டில் ஐந்து மணி ரயில் போகிற வரைக்கும் நிற்பார்கள். கேட் திறந்ததும் கொரட்டூர்த் தெரு. அதில் பிள்ளையார் கோயில் முனை தாண்டி நாலாவது வீடு மாமனார் வீடு. ஏரிக்கரை வழியாகப் போகலாமா என்று கேட்டுப் பார்த்தான். மழைக்காலம், முழங்கால் சேறு, எஜமான் முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

அப்போதுதான் அவன் கால், மிதியைத் தேடியது.

அன்று முதல் பிள்ளையார் கோயில் முனை வந்ததும் கட்-அவுட்டை முழுக்க மிதிப்பான். வீட்டைத் தாண்டி, தெருக்கோடிப் புளியமரம் வந்த பிறகுதான் காலை எடுப்பான். அந்த இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது, குழந்தையின் அழுகை எம்மாத்திரம். தலையைத் திருப்பாமல், கண்ணை ரோட்டைவிட்டு எடுக்காமல் போவான். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். உலகத்தில் எத்தனையோ தகப்பன்கள் எத்தனையோ விதமாகப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கோதண்டம் புகையைத் திறந்துவிட்டுக் காப்பாற்றினான்.

தெரு சும்மா இருக்குமா? பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டு வாசலில் இப்படியா வெடி போடுவான், மாமியார் வீட்டின் மேல் ஏதோ ஆத்திரம் போலிருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பரந்தாமன் கேட் அருகே வந்து நின்று கத்தினான். "இன்னா மச்சான் நீ! கொயந்த தூக்கிப்போட்டு முய்ச்சுக்கப் போவுது. அந்தச் சனியன அமுக்காத!"

கோதண்டம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காரணத்தைச் சொன்னால், அழுகை கேட்டுவிடுமோ என்று பயப்படுகிறான், அதாவது கேட்க ஆசைப்படுகிறான் என்று தெரிந்துவிடும். அந்த ஆசையே தோஷமாகிவிட்டால்? பொன்னம்மாளும் தன்னைத் திட்டிக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைத்தான். அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய வார்த்தையாகப் பட்டது.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாள் முதலியார், மூடியிருக்கும்போதும் கட்-அவுட் சீத்து சீத்தென்று ஒழுகுகிறது, கௌரவமாக இல்லை என்று குறைப்பட்டார். சூடு தின்று தின்று இரும்புத் தகடு கோணிப் போயிருந்தது. கோதண்டம் பித்தளையில் புதுத் தகடு ஒன்று வெட்டினான். காலையெல்லாம் உட்கார்ந்து அரம் போட்டான். தலைமயிர் நுழைய இடமில்லாமல் வாய்க்குள் உட்கார்ந்தது. திருப்பினால் வெண்ணெயாய்த் திரும்பியது. தன் கையைத் தானே ஒரு தடவை பார்த்து மெச்சிக்கொண்டான்.

அந்த மெச்சல்தான் அவனைக் கவிழ்த்தது. சூடேறினால் பித்தளை, இரும்பைவிட அதிகமாக உப்பும். ஒர்க்‌ஷாப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுக்கிற பாடம். துளி இடைவெளி விட்டிருக்க வேண்டும். ஒழுகக் கூடாது என்கிற வெறியில் அதை விட்டுவிட்டான்.

அது அறுபத்து மூன்றாம் நாள். ரயில் போயிற்று, கேட் திறந்தது. பிள்ளையார் கோயில் முனையில் மிதித்தான். மிதி அசையவில்லை. எட்டி உதைத்தான். கம்பி அறுந்து மிதி தொளதொளவென்று ஆடியது. தகடு சூட்டில் இறுகி மூடியே கிடந்தது. சரி, வேகமாகத் தாண்டிவிடலாம் என்று பார்த்தால், எதிரே தெருவை அடைத்துக்கொண்டு ஒரு வைக்கோல் வண்டி. அது மாமனார் வீட்டு வாசலில்தான் திரும்ப வேண்டுமா? திரும்பியது. கோதண்டம் வண்டியை நிறுத்தினான். நின்ற மோட்டார், முதலியார் ஆசைப்பட்டபடியே, கௌரவமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கேட்டது.

மெல்லிய குரல். உடைந்து, மூச்சு வாங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற குரல். கோதண்டம் ஹாரனைப் பிடித்து அமுக்கினான், மாடுகள் மிரண்டன, முதலியார் திட்டினார். குரல் எல்லாவற்றையும் தாண்டி வந்தது. கேட்டதும் முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம். உடம்பெல்லாம் சிலிர்க்கிற சந்தோஷம். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசைக்காக அவனால் தன்னையே மன்னிக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது முதலியார் என்ன திட்டினாலும் திட்டட்டும் என்று ஏரிக்கரைச் சேற்றில் வண்டியை விட்டான். மறுநாள் காலையில் அறுந்த கம்பியை மாற்றி, தகட்டைக் கழற்றி, விளிம்பைச் சுற்றி அரத்தால் ராவி இடைவெளி விட்டான். ராவ ராவக் கண் மறைத்தது.

மூன்றாம் நாள், சூளையில் கல் சுமக்கிற கன்னியம்மா சொன்னாள். "உன் மாமியாரூட்டுக் கொயந்திக்கு ஜொரமாமே, அண்ணாத்தே. தெரியாதா?"

அன்று முழுக்க அவன் சோறு தொடவில்லை. பிள்ளையார் கோயில் முனையில் மட்டும் கட்-அவுட்டை மிதித்தான். அறுபத்து மூன்றாம் நாள் மிதிக்க முடியாததையும் சேர்த்து மிதிக்கிற மாதிரி மிதித்தான். தினம் கன்னியம்மா வருகிற வழியில் நின்று, ஏதோ செங்கல் விசாரிக்கிறவன் போல, ஊட்ல எப்படிக் கீறாங்க என்று கேட்பான். நாலாம் நாள் ஜுரம் இறங்கிவிட்டது என்றாள். உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் முள் போகவில்லை. கேட்டதை மறைத்து வைத்துக்கொண்டு எண்ணெயில் முகம் பார்த்தால், அதற்கும் சேர்த்து ஏதாவது வந்துவிட்டால் என்று மீதி நாளை எண்ணினான்.

தொண்ணூறாம் நாள். கோதண்டம் தலை முழுகி, புது வேட்டி கட்டி மாமனார் வீட்டுக்கு வந்திருந்தான். கூடத்தில் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, கையில் வெண்கலக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். கிண்ணம் நிறைய நல்லெண்ணெய். பின்னாலிருந்து பொன்னம்மாள் குழந்தையை அவன் தோளுக்கு மேலாகக் காட்ட வேண்டும், அவன் எண்ணெயில் பார்க்க வேண்டும். புடவை சரசரக்கிற சத்தமும் பால் வாசனையும் முதுகுப் பக்கம் வந்து நின்றன.

"இருங்க" என்றான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். "நான் கேட்டுட்டேன். கொயந்த அழுதத ஒரு நாளு கேட்டுட்டேன். அது காதுல உழக் கூடாதுன்னுதான் தெனம் கட்-அவுட்ட மிதிச்சேன். அன்னிக்கு அது இறுகிப் பூட்ச்சு. அதனாலதான் கொயந்திக்கு ஜொரம் வந்துச்சு. இனிமே நான் பாக்கலாமா கூடாதா, நீங்களே சொல்லுங்க."

பரந்தாமனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பொன்னம்மாள்தான் கேட்டாள்.

"எந்த நாளு மாமா? வைக்கப்போர் வண்டி வாசல்ல நின்னுச்சே, அன்னிக்கா?"

"ஆமா."

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

"நீ எங்களக் கூப்புடறேன்னு இல்ல நான் நெனச்சுகினு இருந்தேன்! அதான் தெனம் சாயங்காலம் இவளத் தூக்கிகினு ஜன்னலண்ட வந்து குந்திக்குவேன். ரயிலு சத்தம் கேட்டதுமே இவ கால ஒதைக்க ஆரம்பிச்சுடுவா. அப்பால உன் வண்டி சத்தம் வரும். கண்ண இம்மாம் பெருசா தெறந்துகினு கேப்பா. ஒரு நாளு அழுததில்ல, ஒரு நாளு பயந்ததில்ல. அன்னிக்கு ரயிலு போச்சு, உன் சத்தம் வரல. பாத்தா, பாத்தா, அப்புறம் அழுதா. அந்நேரத்துல இவ அழுதது அன்னிக்கு ஒரு நாளுதான். நீ வரலேன்னு அழுதா மாமா."

கோதண்டம் கண்ணைத் திறந்தான். கிண்ணத்தில் எண்ணெய் தளும்பிக்கொண்டிருந்தது. அதில் ஓடு தெரிந்தது, உத்தரம் தெரிந்தது, எல்லாம் நெளிந்தது.

"கைய ஆட்டாத மாமா" என்றாள் பொன்னம்மாள்.

எண்ணெய் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அடங்கியதும் அதில் ஒரு சின்ன முகம் வந்து நின்றது. நெற்றியில் மை, தூக்கம் கலைந்த எரிச்சல், அவனுடைய அதே சப்பை மூக்கு. முகம் சுருங்கியது, வாய் கோணியது, அவன் காதுக்குப் பக்கத்திலேயே வீறிட்டு அழ ஆரம்பித்தாள். பொன்னம்மாள் அவசரமாகக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டப் போனாள்.

"உடு பொன்னு" என்றான் கோதண்டம். "கொஞ்ச நேரம் அழுவட்டும்."