தேரை நிறுத்திய லைன்மேன்

சுயம்பு அண்ணன் போய்விட்டார். காலையில் போன் வந்தது.

எங்கள் ஏரியா லைன்மேன். என் மகள் அனுஷா இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள் என்றால் அதில் இந்த மனிதருக்கும் பங்கு உண்டு.

மாற்று இதயத்துக்காகக் காத்திருந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நெஞ்சுக்குள் இதயத்துக்குத் துணையாக ஒரு பம்ப். வயிற்றிலிருந்து வெளியே ஒரு வயர், தோள்பையில் இரண்டு பாட்டரி. அது தீர்ந்தால்... அதை இப்போதும் எழுத வரவில்லை.

கரண்ட் கட் என்றால் முதல்நாளே அண்ணன் கூப்பிடுவார். "மக்ளே, நாளைக்கு ரெண்டு மணி வரை லைன் கெடையாது. எல்லாத்தையும் சார்ஜ்ல போட்டியா?"

போட்டேன் என்றாலும் நம்பமாட்டார், நேரில் வந்து பார்ப்பார். "ஒனக்க இன்ஜின் எப்பிடி ஓடுது?" என்று அனுஷாவிடம் கேட்பார்.

"ஒங்க பைக்கை விட நல்லா ஓடுது மாமா." வாய்க்கொழுப்பு!

தேரோட்டத்தன்று நான் ஒரு மடத்தனம் செய்தேன். வீடு நிறைய விருந்தாளிகள். பாயசத்துக்குத் தேங்காய் அரைக்க, சார்ஜர் பிளக்கைப் பிடுங்கி மிக்சியைப் போட்டவள், திரும்ப மாட்டவே இல்லை.

தேர் கம்பியில் இடிக்கும் என்று தெருவில் லைனை நிறுத்துவார்கள். மூன்று மணி நேரமாவது ஆகும். பையிலிருந்த பாட்டரியில் இரண்டு மணி நேரம்தான் மிச்சம். லைனை நிறுத்தப் போகும் நேரத்தில்தான் பார்த்தேன், சார்ஜரில் இருந்த மாற்று பாட்டரி இரண்டும் காலி.

அழுதுகொண்டே அண்ணனிடம் ஓடினேன்.

"பேடிக்காத மக்ளே. போய் பிளக்க மாட்டு."

கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் எகிறினார். "நேரம் தப்பப்பிடாது வே, லைன ஆஃப் பண்ணும்!"

"பிள்ளைக்க பாட்டரி ஏறட்டு. சாமியே அவசரப்படல, உமக்கு என்ன வே அவசரம்?"

தேர் நின்றது. ஒரு மணி நேரம்! வடம் பிடித்தவர்கள் ரோட்டிலேயே உட்கார்ந்து மோர் குடித்தார்கள். எகிறினவரே வந்து, "எத்தன லைட்டு எரியுது?" என்று எட்டிப் பார்த்தார்.

பாட்டரியில் மூன்றாவது லைட் எரிந்ததும் அனுஷா வாசலில் நின்று கையைத் தூக்கினாள். தெரு முழுக்கக் குலவை... அப்புறம்தான் தேர் நகர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். இதயம் கிடைத்துவிட்டது. யாரோ ஒரு தாய், இறந்துபோன தன் பிள்ளையுடையதைக் கொடுத்தது. அவளை நினைக்காத நாள் இல்லை.

இன்று அண்ணனின் சொந்த ஊரான பூதப்பாண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அனுஷா ஓட ஆரம்பித்தாள். "ஏட்டி, மெள்ளப் போ!" என்று கத்தினேன். எங்கே கேட்கிறாள்...

மூச்சுவாங்க நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் காலடியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்: "மாமா, பஸ் ஸ்டாப்பிலேந்து ஓடியே வந்தேன்."

போயிட்டு வாங்க அண்ணே.