பிலோமினா மேடம் வரைந்த நான்காவது கட்டம்

ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது செல்வராணியின் போன் வந்தது. எடுத்ததுமே, "சார், எங்க இருக்கீங்க? உட்கார இடம் இருக்கா?" என்று கேட்டார். "நம்ம மேடம் போயிட்டாங்க சார்" என்றார். விடியற்காலையில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. கீரைக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அலுவலகத்தில் மேடத்தோடு வருஷக்கணக்கில் வேலை பார்த்த யாரும் எனக்குச் சொல்லவில்லை. லால்குடிக்கு அப்பால் ஒரு குளத்தங்கரையிலிருந்துதான் செய்தி வந்தது.

பாலக்கரை பிலோமினா மேடத்தை எங்கள் மீன் வளர்ப்புத் திட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிராமத்துக் குளங்களை மகளிர் குழுக்களுக்குக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்து, மீன்குஞ்சு விட்டு, வளர்க்கப் பயிற்சி தருவது எங்கள் வேலை. அதில் பெண்களின் பங்கேற்பைக் கவனிப்பது அவர் பொறுப்பு. தண்ணீரைச் சோதிப்பதும் பாடம் நடத்துவதும் என் பொறுப்பு. நான் ஸ்ரீரங்கத்துக்காரன், மீனை வாயில் வைத்ததில்லை. "சாப்பிடாதவர் கையில மீனைக் கொடுத்திருக்காங்க, மீனுக்கு ஆயுசு கெட்டி" என்று என்னைக் கேலி செய்வார். அப்படி ஒன்றும் கெட்டியாக இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய பொறுப்பை நாங்கள் யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விழா என்றால் சந்தனம் குங்குமத் தட்டை அவர் கையில் கொடுத்து வாசலில் நிறுத்திவிடுவோம். ஒருமுறை அந்தத் தட்டை இயக்குநரிடமே நீட்டி, "கொஞ்சம் பிடிங்க சார், பேசிட்டு வந்துடறேன்" என்று மேடை ஏறிவிட்டார். அவர் பேசி முடிக்கும்வரை தட்டு இயக்குநர் கையில்தான் இருந்தது. எங்களுக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

செல்வராணி தலைமையிலான குழுவில் பத்துப் பெண்கள். திருச்சியில் இரண்டு நாள் தங்கிப் பயிற்சி பெற வரச் சொல்லி அவர்களுக்குக் கடிதம் அனுப்பினேன். பத்துக் கணவர்கள் வந்து இறங்கினார்கள். "பொம்பளைங்க எப்படி சார் ரெண்டு நாள் வெளியூர்ல தங்குவாங்க? மாடு கன்னு இருக்கு, புள்ளைங்க இருக்கு" என்றார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்காரர் வந்தால் என்ன, வீட்டம்மா வந்தால் என்ன, சேதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் சரி என்று நினைத்தேன். வருகைப் பதிவேட்டில் பெண்களின் பெயர்கள் இருந்தன. முறுக்கு மீசை வைத்த ஒரு மனிதர் 'செல்வராணி' என்று அழகாகக் கையெழுத்துப் போட்டார். பேனா கொடுத்தது நான்.

பாடத்தில் குறை வைக்கவில்லை. கரும்பலகையில் படம் போட்டே விளக்கினேன். குளத்துத் தண்ணீர் அதிகமாகப் பச்சை கட்டினால் விடியற்காலையில் அதில் காற்று குறைந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அது பசி அல்ல, மூச்சுத் திணறல். அன்றைக்குத் தீனியை நிறுத்திவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். பத்துப் பேரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

ஆனால் தினமும் விடியற்காலையில் தவிடும் புண்ணாக்கும் சுமந்து குளத்துக்குப் போனவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. போனது செல்வராணி. சில மாதங்கள் கழித்து, வெயிலே காணாத ஒரு மூட்டமான வாரத்தில், மீன்கள் கூட்டம் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்தன. பசிக்கிறது என்று நினைத்து அவர் இன்னும் ஒரு கூடை தீனி போட்டார். மறுநாளும் வாயைத் திறந்தன, மறுநாளும் போட்டார். தின்னாத தீனி அழுகி, இருந்த காற்றையும் குடித்துவிட்டது. மூன்றாம் நாள் குளம் முழுக்க வெள்ளை வயிறுகள் மிதந்தன.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊரே கரையில் நின்றிருந்தது. "பொம்பளைங்க கையில குளத்தைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்" என்று ஒருவர் சத்தமாகச் சொன்னார். குத்தகையை ரத்து செய்ய வேண்டும் என்று பேச்சு எழுந்தது. செல்வராணி இடுப்பளவு தண்ணீரில், கோபத்தில் முகம் இறுக, யாரையும் பார்க்காமல் செத்த மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். பிலோமினா மேடம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேலையோடு இறங்கி, அவர் பக்கத்தில் நின்று தானும் அள்ளத் தொடங்கினார். நான் கரையில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"தீனியை ஏம்மா கூட்டிப் போட்டீங்க?" என்று மேடம் கேட்டார்.

"வாயைத் தொறந்துச்சு மேடம். பசின்னு நெனச்சேன்."

"பயிற்சிக்குப் போயிட்டு வந்து உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

செல்வராணி கொஞ்சம் யோசித்தார். "மத்தியானச் சாப்பாட்டுல பாயசம் போட்டாங்கன்னு சொன்னாரு."

கரையில் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார். என் சர்வீஸில் மெமோவும் ஏச்சும் நிறையவே வாங்கியிருக்கிறேன். அந்தப் பார்வை தைத்த மாதிரி எதுவும் தைத்ததில்லை. திரும்பி வரும்போது ஜீப்பிலேயே கையெழுத்துக் கதையை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

அன்று மாலை இழப்பு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. படிவத்தில் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் அச்சாகியிருக்கும்: நோய், இயற்கைச் சீற்றம், பயனாளியின் கவனக்குறைவு. மூன்றாவதில் டிக் போட்டால் குளம் குழுவின் கையைவிட்டுப் போய்விடும். அந்தப் பத்துப் பேருக்கும் இனி எந்தத் திட்டத்திலும் இடம் கிடைக்காது. "இயற்கைச் சீற்றம்னு போட்டுடலாமே மேடம், மூட்டமாத்தானே இருந்துச்சு? யாருக்கும் கெடுதல் இல்லை" என்றேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு எனக்கு.

"மேகத்து மேல பழியைப் போட்டா, அடுத்த வருஷமும் மீசை வெச்ச செல்வராணிதான் சார் வருவாரு" என்றார்.

பிறகு ஸ்கேலை எடுத்து, மூன்றாவது கட்டத்துக்குக் கீழே அதே அளவில் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தார். பக்கத்தில் 'எங்கள் கவனக்குறைவு' என்று எழுதி டிக் போட்டார். தாளைத் திருப்பி, குளத்தைப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்குப் பயிற்சி தரவில்லை என்றும், அவர்கள் பெயரில் பிறர் கையெழுத்திட அனுமதித்தோம் என்றும் நாலைந்து வரி எழுதிக் கையெழுத்திட்டார். தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"உங்களைக் கட்டாயப்படுத்தல சார். ஆனா 'நாங்கள்'னு எழுதியிருக்கேன். நான் ஒருத்தி மட்டும் கையெழுத்துப் போட்டா இலக்கணப் பிழையாயிடும்."

போட்டேன். கோபத்தில் மேஜையைத் தட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அது ஒன்றும் பெரிய காரியமில்லை. தன் தலைக்கு வரும் என்று தெரிந்தே, ஸ்கேல் வைத்துக் கோணாமல் கட்டம் போட ஒரு மனுஷிக்கு எப்படி முடிந்தது? இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. குளம் குழுவிடமே இருந்தது. அடுத்த பயிற்சி திருச்சியில் நடக்கவில்லை. பால் கறந்து முடித்துப் பெண்கள் வந்து சேரும் நேரத்தில், அந்தக் குளத்தங்கரையிலேயே நடந்தது. முதல் பஸ் பிடித்துப் போய், கரையில் நின்றபடி ஆரம்பித்தேன். "தண்ணியைப் பத்தித் தண்ணியில நின்னு சொல்லுங்க சார்" என்று மேடம் என்னையும் இறக்கிவிட்டார். அந்த வருஷம் பெண்களே வலை இழுத்தார்கள். கட்லா மீன் ஒவ்வொன்றையும் கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கினார்கள். இப்போது மற்ற ஊர்க் குழுக்களுக்குப் பாடம் சொல்லப் போவது செல்வராணிதான்.

அடக்கத்துக்குப் பத்துப் பேரும் பாலக்கரைக்கு வந்திருந்தார்கள். மாதா கோவில் வாசலில் செல்வராணி எனக்கு ஒன்று சொன்னார். "அந்த ஃபாரத்தை ஆபீஸ்ல கொடுக்கறதுக்கு முன்னாடி, மறுநாள் காலைல மேடம் தனியா பஸ் ஏறி எங்க ஊருக்கு வந்தாங்க சார். எங்க பத்துப் பேரையும் உட்கார வெச்சுப் படிச்சுக் காட்டினாங்க. 'உங்களைப் பத்தி எழுதியிருக்கேன், தப்பா இருந்தா சொல்லுங்க'ன்னாங்க. எங்க மேலயும் தப்பு இருக்கு, நாங்களும் கேக்கலையேன்னு சொன்னேன். 'நாங்க எங்கேம்மா உங்களைக் கேக்கிற எடத்துல உட்கார வெச்சோம்?'னுட்டு, அதை மட்டும் மாத்த மாட்டேன்னுட்டாங்க."

பக்கத்து மேஜைக்காரனான எனக்கு இது தெரியாது. நானும் எத்தனையோ அறிக்கை எழுதியவன். அதில் பெயர் வரும் மனிதர்களுக்கு ஒன்றைக்கூடப் படித்துக் காட்டியதில்லை. அப்படிச் செய்யலாம் என்று தோன்றியதுகூட இல்லை. வெட்கமாக இருந்தது.

அவரிடமிருந்து இனி நான் வைத்துக்கொள்ளப் போவது இந்த ஒரு பழக்கத்தைத்தான். இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் செல்வராணிக்குப் போன் செய்து முழுவதையும் படித்துக் காட்டினேன். பாயசத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் சார், நடந்ததுதானே" என்றார். பிறகு ஒரு திருத்தம் சொன்னார்.

"குளத்துல நான் அழுதுகிட்டு நின்னேன்னு எழுதியிருக்கீங்க. அழல சார். கோவமா நின்னேன்."

மாற்றிவிட்டேன்.