இரண்டாவது கையெழுத்து என்னுடையது

கோமதி அம்பாளை நம்பி வாழும் உங்களிடம் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

சங்கரன்கோவிலில் நானும் என் கணவரும் நான்கு விசைத்தறி வைத்திருந்தோம். அதற்காகக் கடன் சங்கத்தில் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கினோம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் எங்கள் தெரு பேச்சியம்மாள் அக்கா, என்னை நம்பி ஜாமீன் போட்டார். மூன்று வருடத்துக்கு முன் எங்களுக்கு விவாகரத்து ஆனது. தறிகள் அவருக்கு, கடனையும் அவரே கட்ட வேண்டும் என்று எழுதி முடித்தோம். என் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்து ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

போன தை மாதம் நோட்டீஸ் வந்தது. அவர் ஒரு வருடமாகக் கட்டவே இல்லை. சங்கத்துக்கு ஓடினேன். செயலாளர் பத்திரத்தைத் திருப்பிக் காட்டினார்.

“விவாகரத்து உங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளதும்மா. எங்களுக்கு ரெண்டு கையெழுத்தும் ஒண்ணுதான். அவர் கட்டலைன்னா முழுசும் நீங்க கட்டணும். நீங்களும் கட்டலைன்னா ஜாமீன்தாரர் சம்பளத்துல பிடிப்போம்.”

பிடித்தார்கள். அக்கா போன் செய்தபோது, “அது அவரு கடன்க்கா, எனக்குச் சம்பந்தமில்ல” என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த வாய்தான் சொன்னது. அதன் பிறகு அக்கா வரும் நேரத்தில் தெருவில் இறங்க மாட்டேன். கடைக்குச் சுற்றுவழியில் போனேன். வெள்ளிதோறும் அம்பாள் முன்னால் நின்று என் முன்னாள் கணவர் நாசமாகப் போக வேண்டும் என்று வேண்டினேன். அக்காவுக்காக ஒரு வார்த்தைகூட வேண்டவில்லை.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வெள்ளி. அம்பாள் சந்நிதிக்கு முன்னால், மனக்கஷ்டம் உள்ளவர்கள் உட்காரும், தரையில் பதித்த சக்கரத்தில் உட்கார்ந்தேன். வழக்கமான சாபம் வாயில் வரவில்லை. ‘தாயே, எனக்கு வழி தெரியல, நீயே காட்டு’ என்றுதான் வந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே அக்கா. காதில் கம்மல் இல்லை. துளையில் வேப்பங்குச்சி. எழுந்து போகப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, என்னையப் பார்த்து எதுக்கு ஓடுத? கம்மலை வித்துதான் பிள்ளைக்கு பீஸ் கட்டுனேன். வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நீ மூஞ்சியத் திருப்பிட்டுப் போறியே, அதைத்தான் தாங்க முடியல.”

அங்கேயே அழுதேன். “நானும் கையெழுத்துப் போட்டேன்க்கா. அது என் கடனுந்தான்.” இதைச் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

“அப்ப வா. ரெண்டு பேருமா போவோம்.”

திங்கட்கிழமை கோர்ட்டில் இலவச சட்ட உதவி வக்கீலைப் பார்த்தோம். சங்கத்துக்கு நானும் என் முன்னாள் கணவரும் பொறுப்புதான், ஆனால் நான் கட்டுவதை விவாகரத்து ஒப்பந்தத்தை வைத்து அவரிடம் கேட்கலாம் என்று விளக்கினார். மக்கள் நீதிமன்றத்துக்கு மனு எழுதித் தந்தார். என் போனையே எடுக்காத அவர் விசாரணை நாளில் வருவார் என்று நான் நம்பவில்லை. வந்தார். அம்பாள்தான் கூட்டி வந்தாள் என்பதைத் தவிர வேறு எப்படிச் சொல்ல? அக்காவைப் பார்த்ததும் தலை குனிந்தார். நானும் குனிந்துதான் நின்றேன். தறிகளை விற்றுக் கட்டச் சம்மதித்தார். அபராத வட்டியைச் சங்கம் தள்ளுபடி செய்தது. மீதியை நானும் அவரும் தவணையில் கட்டுகிறோம். அக்காவின் சம்பளப் பிடித்தம் நின்றது.

ஏற்கெனவே பிடித்த பணத்தை மாதாமாதம் அக்கா வீட்டுக்கே போய்க் கொடுக்கிறேன். “சாப்பிட்டுட்டுப் போ, ஏட்டி” என்பார். அந்தச் சோறு இன்னும் தொண்டையில் சிக்கத்தான் செய்கிறது. இப்போது என் முன்னாள் கணவரைச் சபிப்பதும் இல்லை.

கடனுக்குப் பயந்து ஒளிந்து நடப்பவர் யாராவது இதைப் படித்தால், அம்பாளிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். பொய் சொல்லிவிட்டு வந்து நின்ற என்னையே அவள் தள்ளவில்லை.