உடையப்பன் கங்காணியின் புது இடுப்பு

இது நடந்த கதைதான். நம்பாதவர்கள் ஈப்போவில் புந்தோங் சந்தைப் பக்கம் போய் உடையப்பன் நடப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவரே வாய் திறந்து சொன்னது. பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆனால் தன்னைக் கேவலப்படுத்தி ஒரு பொய்கூட அவர் சொன்னதில்லை.

உடையப்பன் காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். எந்தக் கல்யாணமானாலும் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய ஆட்டம் உண்டு. ஒரு வாளியைக் கையில் மாட்டிக்கொண்டு நல்லம்மாள் மாதிரி நடந்து காட்டுவார். நல்லம்மாள் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி, வாளியில் பால் சுமந்தவள். பிறவியிலேயே அவளுக்கு இடது கால் குட்டை. டக்... சர்... ஒரு கால் விழும், ஒரு கால் இழுபடும். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவள் மகள் கல்யாணத்திலேயே நடந்து காட்டினார். அன்று பந்தியில் அவர் இலைக்கு வடை வைத்தவள் நல்லம்மாள்தான்.

"நல்லா நடந்தே கங்காணி," என்றாள்.

அவர் இன்னொரு வடை கேட்டார்.

1984-இல் உடையப்பனின் இடது இடுப்பு தேய்ந்துபோனது. ஐப்பசியில் ஈப்போ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். தேய்ந்த எலும்புப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பதாக டாக்டர் சிவானந்தன் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார். பிறகு குந்தக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. தாழ்ந்த நாற்காலி ஆகாது. தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை.

"நேரா நடப்பேனா டாக்டர்? தை மாசம் மவ கல்யாணம். அவ கையப் புடிச்சி மணவறைக்கு நாந்தான் கூட்டிப் போவணும்."

"சொன்னபடி செய்தால் மாப்பிள்ளை மாதிரி நடக்கலாம்."

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். காலையில் நர்ஸ் வாக்கரைக் கொண்டுவந்து எழுந்து நிற்கச் சொன்னாள். கங்காணிக்குப் பயம். வயிற்று வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

மத்தியானம் மழை பிடித்தது. பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள். வார்டு தூங்கிக் கிடந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி.

தாழ்வாரத்தில் ஒரு சத்தம்.

டக்... சர்...

யாரோ நோயாளி என்று நினைத்தார். கூடவே வாளிப் பிடி ஆடும் சத்தம். ஆஸ்பத்திரியில் வாளி இருக்காதா? இருக்கும். ஆனால் ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம்?

டக்... சர்...

கட்டிலருகே நின்றது.

நல்லம்மாள். வேலைக்குப் போகும் முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. வெளியே அப்படி ஒரு மழை... துண்டு நனையவே இல்லை.

"எந்திரி கங்காணி."

"கா... காலு இன்னும் ஆறலே நல்லம்மா."

"எந்திரி லா. என் முன்னால நடக்க ஒனக்கு என்ன வெக்கம்?"

எழுந்தார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"வாக்கர மொத வை. அப்புறம் அறுத்த காலு. அப்புறம் நல்ல காலு."

காலையில் நர்ஸ் சொன்ன அதே வரிசை.

வைத்தார்.

வலியே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கடைசிக் கட்டில் வரை நடந்தார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிக்கவில்லை.

"போதும். வாரேன்."

போனாள்.

டக்... டக்... டக்...

நேராகப் போனாள்.

உடையப்பன் கட்டிலுக்குத் திரும்பினார்.

டக்...

சர்...

பிறகு டாக்டர் இரண்டு தடவை எக்ஸ்ரே எடுத்தார். பந்து பொருந்தி உட்கார்ந்திருந்தது. டேப் வைத்து அளந்தார். இரண்டு காலும் சமம். "பின்னை ஏன் காலை இழுக்கிறீங்கள்?" என்று நோயாளியையே கேட்டார்.

தை மாதம். மண்டபம் நிறையக் கூட்டம். உடையப்பன் மகள் நவமணியின் கையைப் பிடித்தார். நடந்தார்.

டக்... சர்...

"அட, மாமா ஆரம்பிச்சிட்டாரு லா!"

ஒருவன் சிரித்தான். மண்டபமே சிரித்தது. கை தட்டல்.

"அப்பா, இன்னைக்குமா? மானம் போவுதுப்பா," என்றாள் நவமணி, தலை நிமிராமல்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடக்கப் பார்த்தார். இன்னும் அச்சு அசலாக வந்தது.

சிரிக்காதவள் காளியம்மா ஒருத்திதான். தோட்டத்தில் சாவு விழுந்தால் குளிப்பாட்டக் கூப்பிடுவது அவளைத்தான். சாப்பாடு முடிந்ததும் அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நல்லம்மா செத்தது தெரியுமாண்ணே? நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப. ஒன் காதுல போட வேணாம்னுட்டாங்க."

"எப்ப?"

"நல்ல மழ. மத்தியானம் மூணு மணி இருக்கும். நாந்தான் கால் பெருவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டுனேன். குட்டக் காலு எட்டாதேன்னு துணிய நீளமாக் கிழிச்சி வெச்சிருந்தேன்..."

அவள் குரல் இறங்கியது.

"துணி மிஞ்சிப்போச்சுண்ணே. ரெண்டு காலும் சமமா இருந்துச்சு."

அவர் பதில் சொல்வதற்குள் பந்திப் பக்கமிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். காலிச் சாம்பார் வாளியை அவர் கையில் மாட்டினான்.

"இன்னொரு தடவ நடங்க மாமா!"